மைதானத்துக்குப் போற பஸ்

வெள்ளி ராத்திரி, கோயமுத்தூர்

லீவு சாங்ஷன் ஆயிருச்சு. இந்தத் தடவை கோயிலும் கிடையாது, அருவியும் கிடையாது. கொங்குப் பக்கம் ஆட்டத்துக்கே சேத்துக்காம விட்ட ஜனங்க கொஞ்சமா நஞ்சமா, வீல்சேர்ல இருக்கறவங்க, கண்ணு தெரியாதவங்க, பனியன் கம்பெனிப் பொண்ணுங்க, மலைப் புள்ளைங்க, அருந்ததியர் தெருப் பசங்க, இவங்களை எப்படியாவது ஆட வெச்சுடணும்னு சொந்தக் காசையும் சொந்த ஞாயித்துக்கிழமையையும் போட்டு ஓடறவங்களைப் பாத்துட்டு வர்றதுதான் பிளான். ஸ்பான்சர் இல்ல, பேனர் இல்ல. பெரும்பாலும் ஒரு பி.டி. வாத்தியார், இல்லைன்னா ரிட்டயர்ட் பேங்க்காரர், இல்லைன்னா ஒரு டைலர் அக்கா. யார் பேரும் போட மாட்டேன். "போட்டா இருக்கற கிரவுண்டையும் புடுங்கிருவாங்க அம்மணி"ன்னு போன்லயே சொல்லிட்டாங்க, சிரிச்சுட்டுதான் சொன்னாங்க, ஆனா அது பாதிச் சிரிப்புதான்.

தினமும் ராத்திரி ரூமுக்கு வந்து போன்ல தட்டறேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

சனி, கோயமுத்தூர்

காலைல ஆறரைக்கே வரச் சொல்லிட்டாங்க, ஏன்னா வெயில் ஏறுனா வீல்சேர் ரிம்மைத் தொட முடியாது, கை பொசுங்கிரும். அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு சிமெண்ட் கோர்ட்டு, அங்கதான் வீல்சேர் பேஸ்கட்பால் பிராக்டிஸ். ஆட்டத்துக்கான சேரே வேற மாதிரி இருக்கு, ரெண்டு சக்கரமும் மேல உள்வாங்கி கீழ அகண்டு சாஞ்சு நிக்குது, மல்லாக்க விழாம இருக்கப் பின்னாடி ஒரு குட்டிச் சக்கரம், இடுப்புக்கு பெல்ட்டு. கூடை மட்டும் எல்லாருக்கும் இருக்கற அதே பத்தடி உசரம்தான், ஒரு இஞ்சு குறைக்கல. உக்காந்த எடத்துலேர்ந்து அதுக்குப் பந்து போட்டுப் பாருங்க, தோள்பட்டை என்ன சொல்லுதுன்னு தெரியும். மடில பந்தை வெச்சுட்டுச் சக்கரத்தை ரெண்டு தள்ளுதான் தள்ளலாம், அதுக்குள்ள பந்தைத் தரையில தட்டணும், இல்ல பாஸ் பண்ணணும்.

எனக்கு ரொம்பப் புடிச்சது இவங்க பாயிண்ட் கணக்கு. ஒவ்வொரு ஆளுக்கும் உடம்பு எவ்வளவு ஒத்துழைக்குதுன்னு பாத்து 1.0லேர்ந்து 4.5 வரைக்கும் ஒரு நம்பர். கோர்ட்டுல இருக்கற அஞ்சு பேர் நம்பரையும் கூட்டுனா 14ஐத் தாண்டக் கூடாது. அப்ப என்ன ஆகுது, நல்லாத் தெம்பா இருக்கற அஞ்சு பேரையே இறக்கி ஜெயிச்சுட்டுப் போயிர முடியாது, கம்மி நம்பர் ஆளும் உள்ள இருந்தே ஆகணும், அவரும் சும்மா கணக்குக்கு இல்ல, எதிராளி சேருக்குக் குறுக்கால தன் சேரைக் கொண்டாந்து நிறுத்தி வழிய மறிக்கறது அவர் வேலை. ஊர்ல எத்தனையோ கமிட்டிக்கு இந்த ரூல் போட்டா நல்லாருக்கும், சரி அது வேற பேச்சு.

அப்படி ஒரு 1.0 அண்ணன், பொள்ளாச்சிப் பக்கம், தென்னை மரம் ஏறுனவர், மரத்துலேர்ந்து விழுந்து முதுகெலும்புல அடி. பொள்ளாச்சி, ஆனமலை பக்கத்துல இந்தக் கதை ஊருக்கு ஒண்ணு கேக்கலாம். ஆட்டத்துல அவர் சேர் ஒரு மோதல்ல அப்படியே சாஞ்சுருச்சு, நான் பதறி எந்திரிச்சுட்டேன், பக்கத்துல ஸ்கோர் எழுதிட்டிருந்த ஆட்டோக்காரர் தலையே தூக்காம, "உக்காருங்க அம்மணி, அவரே எந்திரிச்சுக்குவாரு"ங்கறார். எந்திரிச்சுட்டார். ரெண்டு கையையும் தரைல ஊனி, இடுப்புப் பெல்ட்டோட சேரையும் சேத்து ஒரு எம்பு எம்பி நிமுந்துட்டார்.

பிரேக்ல எல்லாருக்கும் டீ வந்துச்சு, பாதிப் பேர் தொடல. தண்ணியும் குடிக்கல. காரணம் கேட்டா, ஆட்டம் ஆடற சேர் இந்தக் கோர்ட்டு ஸ்டோர் ரூம்ல இருக்கு, ஆட்டோக்காரர் வந்து இறக்கி விட்டுர்றார், கேட்டுப் படிக்குப் பலகை போட்டாச்சு, எல்லாம் சரி, கக்கூஸ் கதவுதான் வீல்சேர் நுழையற அகலம் இல்ல. அதனால பிராக்டிஸ் இருக்கற நாளுக்கு முந்துன ராத்திரியே தண்ணியக் குறைச்சுக்கறாங்க. கோயமுத்தூர் வெயில்ல ரெண்டு மணி நேரம் ஆடறவங்க. முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்குத் தண்ணி குறைஞ்சா யூரின் இன்ஃபெக்‌ஷன் வரும்னு டாக்டருங்க தலைபாடா அடிச்சுக்கறாங்க. இத்தனைக்கும் அந்தக் கதவு மாத்த ஒரு நாள் கொத்தனார் வேலை. இடத்துக்காரங்ககிட்ட கேட்டிருக்காங்களாம், "பாக்கலாம்"னு பதில்.

ஞாயிறு, திருப்பூர்

திருப்பூர்ல ஞாயித்துக்கிழமை காலைலதான் பொண்ணுங்களுக்கு மூச்சு விட நேரம். மத்த நாள் காலைல எட்டரைக்கு உள்ள போனா ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வெளிய வர்றதுக்குள்ள பொழுது போய் ராத்திரி ஆயிரும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு தொவைக்கறது, தலைக்குக் குளிக்கறது, மார்க்கெட்டு. அந்த ஞாயித்துல ரெண்டு மணி நேரத்தைப் புடுங்கி ஃபுட்பால் ஆட வெச்சிருக்காங்க ஒரு அக்கா. ஓவர்லாக் டைலர். அவங்க ஸ்கூல்ல ஆடுனவங்க, கல்யாணத்தோட நின்னுருச்சு, இப்ப மகளுக்குப் பந்து தட்டச் சொல்லிக் குடுக்கப் போய் அந்த லைன் வீட்டுப் புள்ளைங்க எல்லாம் சேந்துருச்சுங்க.

டீம்ல பாதி நம்மூரு, பாதி ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். பாஸ் குடுன்னு கத்தறது தமிழ்ல, திட்டறது இந்தில, கோல் அடிச்சா எல்லாருக்கும் ஒரே கூச்சல். பிசிறு வெட்டற ஒரு ஒடியாப் பொண்ணு, பதினெட்டு பத்தொம்போது இருக்கும், லெஃப்ட் கால்ல அடிக்கறா பாருங்க, கோலி கையத் தூக்கறதுக்குள்ள பந்து உள்ள. ஊர்ல ஆடிருக்கியான்னு கேட்டேன். அண்ணனுங்க ஆடுவாங்க, வயல்ல பந்து போனா எடுத்துக் குடுக்கற வேலை என்னோடதுன்னா.

ஜெர்சி காதர்பேட்டைல வாங்குன செகண்ட்ஸ். வெளிநாட்டுக்குப் போக வேண்டியது, ஒரு பக்கம் தையல் வெலகிருச்சு, கிலோ கணக்குல இங்க வந்துருச்சு. அக்கா மெஷின்ல போட்டுச் சரி பண்ணி நம்பர் ஒட்டிட்டாங்க. உலகத்துல எத்தனையோ பேர் போட்டு ஆடற துணி இந்த ஊர்ல தைக்கறாங்க, தைக்கறவங்க அதப் போட்டு ஆடறத இன்னைக்குத்தான் பாக்கறேன்.

இது எப்படி நின்னு ஓடுதுன்னு அக்காகிட்ட தோண்டித் தோண்டிக் கேட்டேன். கோச்சிங், டயட்டுன்னு ஏதாவது சொல்லுவாங்கன்னு பாத்தா, "பஸ்ஸுங்க"ன்னாங்க. 2021லேர்ந்து சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைல்ல, அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை வெளிய போகணும்னா வீட்டுல காசு கேக்கணும், காசு கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க, எதுக்குன்னு சொன்னா போக வேண்டாம்பாங்க. இப்ப அந்த மொதக் கேள்வியே இல்ல. "பந்து வெளையாடன்னு சொல்லிட்டு வர்றதில்லீங்க பாதிப் புள்ளைங்க, மார்க்கெட்டுக்குன்னுட்டு வருதுங்க, திரும்பறப்ப தக்காளி வாங்கிட்டுப் போகுங்க." ஆமா, கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்துல ஒரு வரிசையா மஞ்சப்பை இருந்துச்சு.

பஸ்ஸுலதான் எல்லாம் இருக்குன்னு இந்த அக்கா சொன்னதுக்கப்புறம் எங்க போனாலும் நான் அதையேதான் கேட்டுட்டிருக்கேன், எப்படி வந்தீங்க, எப்படித் திரும்பிப் போவீங்க.

திங்கள், ஈரோடு

இன்னைக்குச் சுருக்கமா. பஸ்ல வந்து எறங்குனதே மத்தியானம், அரிசிம்பருப்பு சாதம் ஒரு கட்டு, அப்புறம் பொழுதோட ஒரு பள்ளிக்கூடக் கிரவுண்டுல கண்ணு தெரியாத தம்பிகளோட கிரிக்கெட்.

பந்து கெட்டி பிளாஸ்டிக், உள்ள இரும்புக் குண்டு, உருண்டா சலசலன்னு சத்தம். கையக் கீழ வெச்சு உருட்டி விடணும், பிட்ச்ல பாதி தூரம் வர்றதுக்கு முன்னாடியே தரையத் தொடணும். போடறவர் "ரெடியா"ம்பார், ஆடறவர் "எஸ்"ம்பார், அப்புறம் "ப்ளே"ன்னு சொல்லிட்டுத்தான் பந்து கை விட்டு வரும். பதினோரு பேர்ல குறைஞ்சது நாலு பேர் பி1, அதாவது பார்வை சுத்தமா இல்லாதவங்க, அவங்க அடிக்கற ரன் ரெண்டா எண்ணிக்கணும், அவங்க ஒரு குத்து விட்டுப் புடிச்சாலும் கேட்ச்தான்.

இவ்வளவு யோசிச்சு ரூல் போட்டிருக்கற ஆட்டத்துக்குக் கெடச்ச கிரவுண்டு எங்கன்னா, மெயின் ரோட்டு மேல. ஏர் ஹாரன் அடிக்கறப்பெல்லாம் பேட்ஸ்மேன் கையத் தூக்கிர்றார், ஆட்டம் நிக்குது. "பார்வை இருக்கறவங்களுக்கு நட்டநடு ராத்திரில லைட்டு இல்லாம ஆடச் சொன்னா எப்படிங்க, அப்படித்தான்"ன்னார் கேப்டன், கோவமா இல்ல, சும்மா தகவல் மாதிரி. ஊருக்கு உள்ள தள்ளி ஒரு அமைதியான கிரவுண்டு இருக்குதாம், அங்க டவுன் பஸ் போகாது.

பொண்ணுங்க டீம் இருக்கான்னேன். ஆசைப்படற புள்ளைங்க இருக்கு, கூட்டிட்டு வர ஆள் இல்ல. ஆம்பளைங்களுக்குப் பார்வையற்றோர் உலகக் கோப்பை மொத மொதல்ல 1998ல தில்லியில நடந்துச்சு, பொம்பளைங்களுக்கு டி20 உலகக் கோப்பைன்னு ஒண்ணு வர 2025 நவம்பர் வரைக்கும் ஆயிருச்சு. கொழும்புல ஃபைனல், நேபாளத்தை ஜெயிச்சு மொதக் கோப்பையே நம்ம பொண்ணுங்க கைலதான். அந்த நியூஸ கேட்டுட்டு ஒரு பொண்ணோட அப்பா இவங்களுக்கு போன் போட்டிருக்காராம். ஒருத்தர் போட்டா நாளைக்கு இன்னொருத்தர் போடுவார்ங்கற நம்பிக்கைல ஓடுது.

செவ்வாய் ராத்திரி, கோபி பக்கம்

மாமா ஊர். மாரியம்மன் நோம்பி, கம்பம் நட்டாச்சு, ஒப்புட்டு வாசம் தெரு பூராவும். ராத்திரிக்கு மின்னொளி கபடி.

நோம்பிக் கபடின்னாலே எங்க பக்கம் ஒரு ஒழுங்கு உண்டு, ஊருக்கு ஒரு டீம். ஊர்ன்னா எதுன்னு யாரும் வெளக்க மாட்டாங்க, எல்லாருக்கும் தெரியும். அருந்ததியர் தெருப் பசங்க ஆடணும்னா தனியா ஒரு பேர் வெச்சு வேற ஊர் டோர்னமெண்டுக்குப் போய்க்கணும், சொந்த ஊர் மைதானத்துல வேடிக்கை பாக்கலாம். நான் சின்னப்புள்ளைல பாத்தது அப்படித்தான். இந்த ஊர் பி.டி. வாத்தியார் என்ன பண்ணிட்டார்னா, ஸ்கூல் டீமை அப்படியே கொண்டாந்து ஊர் டீம்னு எழுதிக் குடுத்துட்டார். ஸ்கூல் டீம்ல எல்லாத் தெருவும் இருக்கு, மார்க் லிஸ்ட் மாதிரி சீட்டும் இருக்கு, யாரு நல்லா ஆடறான்னு. சம்மதிக்கலைன்னா டீமே இல்ல. ரெண்டு வருசம் அக்கப்போர் ஓடிச்சாம், ஒரு பெரியவர் வாத்தியாரோட பேசறதையே நிறுத்திட்டாராம். மூணாவது வருசம் கப்பு வந்துச்சு, அப்புறம் பேச்சைக் காணோம்.

நல்ல ரைடர் ஒருத்தன், அருந்ததியர் தெருப் பையன், ஒல்லி, கை நீளம், கோட்டைத் தொட்டுட்டுப் பின்னாலயே பாக்காம திரும்பறான். போனஸ் எடுத்துட்டு வந்தப்ப வாத்தியாரை விட எங்க மாமாதான் எச்சா கத்துனார். பாத்துட்டே இருந்தேன். ஆஃப் டைம்ல பசங்க எல்லாம் ஒட்டுக்கா தண்ணிக் கேனுக்குப் போனாங்க, கேன் மேல ஒரு சில்வர் டம்ளர். அந்தப் பையன் மட்டும் தன் பையத் தொறந்து பாட்டில எடுத்துக் குடிச்சான். யாரும் குடிக்காதேன்னு சொல்லல. அவனும் எதிர்பாக்கல. கூட ஆடுன இன்னொரு பையன், ஊர்க்கவுண்டர் வீட்டுப் பையனாம், வந்து அந்தப் பாட்டிலையே வாங்கி அண்ணாந்து ஊத்திக்கிட்டு மீதிய மூஞ்சில அடிச்சுக்கிட்டான். வாத்தியார் அதப் பாத்துட்டு விசில் ஊதிட்டார், டைம் முடிய இன்னும் ஒரு நிமிசம் இருந்துச்சுன்னு நினைக்கறேன்.

பொண்ணுங்க மேட்ச் பத்தி எழுதலைன்னா தூக்கம் வராது. ரெண்டு டீம் வந்திருந்துச்சு, ஒண்ணு சத்தியமங்கலம் மலைலேர்ந்து. பொண்ணுங்களுக்குக் கோர்ட்டு 12க்கு 8 மீட்டர், ஆம்பளைங்கதை விடச் சின்னது, அதனால புதுசாச் சுண்ணாம்பு போடணும்னு ஒரு காரணம் சொல்லித் தள்ளி வெச்சு, கடைசில கூட்டம் கலையாம இருக்க ஃபைனலுக்கு முன்னாடி பதினோரு மணிக்குத்தான் கூப்பிட்டாங்க. அத்தனை நேரம் அந்தப் புள்ளைங்க ஜெர்சி மேல சால்வையப் போத்திட்டு வேன்லயே உக்காந்திருந்துச்சுங்க. துணி மாத்த எடம் கேட்டா கோயில் பின்னாலன்னு கை காட்றாங்க. எங்க அத்தை போய் "வாங்க கண்ணுகளா"ன்னு வீட்டுக்குக் கூட்டியாந்துட்டாங்க. மலை டீம் ஜெயிச்சாலும் அந்நேரத்துக்கு ஊர் போய்ச் சேர முடியாது. பண்ணாரிக்கு மேல ராத்திரி ஒன்பதுலேர்ந்து காலைல ஆறு வரைக்கும் போக்குவரத்துத் தடை, 2022லேர்ந்து ஹைகோர்ட் ஆர்டர். உள்ளூர்க்காரங்களுக்குச் சலுகை இருக்கு, ஆனா யானை நடமாடற கொண்டை ஊசில ராத்திரி வண்டி ஏத்த எந்த வேன்காரரும் வர்றதில்ல. தோத்தாங்க, ஒரே ஒரு பாயிண்ட்ல. ராத்திரி எங்க அத்தை வீட்டுத் திண்ணைலயும் ஆசாரத்துலயும் தூங்கிட்டுக் காலைல கெளம்புனாங்க. நானும் அதே வேன்ல ஏறிட்டேன்.

புதன், தாளவாடி

திம்பம் 27 கொண்டை ஊசி. பாதிப் புள்ளைங்க தூக்கம், மீதி ஆட்டத்தைத் திருப்பித் திருப்பி ஆடுதுங்க வாயாலயே, "அந்தக் கடைசி ரைடுல நீ காலப் புடிச்சிருக்கணும்டி". ஆசனூர் தாண்டினதும் குளிரு, பேச்சுல கன்னடம் எறங்கிருச்சு.

கோச் அக்கா இங்கயே பொறந்தவங்க, ஊராளிப் பழங்குடி. டீம்ல ஊராளி, சோளகர், கூட கடம்பூர் மலைலேர்ந்து ஒரு மலையாளிப் பொண்ணு. இந்தக் கடைசிப் பொண்ணு விசயம்தான் எனக்கு வயித்தெரிச்சல். மலையாளின்னா கேரளாக்காரங்க இல்ல, மலையாளி பழங்குடி. கொல்லிமலைலயும் ஏற்காட்டுலயும் இவங்க எஸ்டி. ஈரோடு மாவட்டத்துல, கடம்பூர், பர்கூர் மலைல அதே ஜனம் எஸ்டி லிஸ்ட்ல இல்ல. லிஸ்ட் போட்டப்ப பழைய மாவட்டப் பேரை வெச்சுப் போட்டாங்க, இந்த மலை அப்ப கோயமுத்தூரோட இருந்துச்சு, விட்டுப் போச்சு. அதனால பழங்குடிப் புள்ளைங்களுக்குன்னு ஒரு கோட்டா, ஒரு ஸ்காலர்ஷிப்னு வந்தா கூட ஆடறவளுக்குக் கெடைக்கும், இவளுக்குக் கெடைக்காது. ஒரே மண்ணுல ஒரே சோறு தின்னு ஒரே மாதிரி ஆடறவ. "இவளுக்கு மட்டும் நான் கைக்காசு போடறேங்க, சர்ட்டிபிகேட் வந்தாத் திருப்பிக் குடுத்துருவா"ன்னு அக்கா சிரிக்கறாங்க. சர்ட்டிபிகேட் கேட்டு அந்த மலை ஜனம் போராட ஆரம்பிச்ச காலத்துல இந்தப் பொண்ணோட அம்மாவே ஸ்கூல் புள்ளை.

பயிற்சி செம்மண்ணுல, வெறுங்கால்ல. கீழ பெரிய போட்டியெல்லாம் இப்ப மேட்டுல, அதாவது விரிப்பு மேல, ஷூ போட்டுத்தான் ஆடணும். வெறுங்கால்ல பழகுனவளுக்கு ஷூ போட்டா மண்ணுல கெடைக்கற புடி கெடைக்காது, திரும்பறப்ப அரை செகண்டு லேட்டு, கபடில அரை செகண்டுன்னா கால் எதிராளி கைல. அக்கா எங்கிருந்தோ பழைய ஷூ ஏழு ஜோடி தேத்தி வெச்சிருக்காங்க, எல்லாம் ஆம்பளைங்க சைஸ், முன்னாடி துணி அடைச்சுப் போட்டு ஓடுதுங்க. செம்மண்ணுல ஷூ போட்டு ஓடிப் பழகுனா மேட்டுக்கு ஆகுமான்னு எனக்குச் சந்தேகம்தான், கேட்டேன். "ஆகாதுங்க. ஆனா ஷூன்னா பயம் போயிரும்ல." சரிதான்.

சாயங்காலம் ராகிக்களியும் அவரைக் கொழம்பும். கூட ஆளுக்கொரு முட்டை, அது அக்கா வீட்டுக் கோழி.

வெள்ளி, சேலம்

நேத்து பூரா பஸ், எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல, பவானில சாப்பிட்ட பரோட்டாவைத் தவிர.

ஓமலூர்ப் பக்கம் ஒரு ஸ்கூல். இங்க வந்தா எவனைக் கேட்டாலும் ரெண்டு பேர் பேர் வாயில வரும். ஒண்ணு சின்னப்பம்பட்டி நடராஜன், தறி ஓட்டுன அப்பாவுக்கும் சில்லிக்கடை போட்ட அம்மாவுக்கும் பொறந்து இந்தியாவுக்குப் பந்து போட்டவர், 2023ல சொந்த ஊர்லயே ஒரு கிரிக்கெட் கிரவுண்டு கட்டிட்டார். இன்னொண்ணு பெரியவடகம்பட்டி மாரியப்பன். அஞ்சு வயசுல பஸ் ஏறி வலது கால் நசுங்குன புள்ளை, அம்மா காய்கறி வித்துக் காப்பாத்துனாங்க, 2016 ரியோ பாராலிம்பிக் ஹை ஜம்ப்ல 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோல வெள்ளி, 2024 பாரீஸ்ல வெண்கலம். மாரியப்பன் தாண்டுனதுக்கப்புறம் இந்தப் பக்கம் ஒரு மாத்தம் நடந்திருக்கு. முன்னெல்லாம் ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு கால் வராத புள்ளைய ஸ்கோர் எழுத உக்கார வெப்பாங்க. இப்ப இந்த ஸ்கூல் வாத்தியார் கிட்ட அப்பா அம்மாவே வந்து "இவன் தாண்டுவானான்னு பாருங்க சார்"ங்கறாங்களாம்.

தாண்டி விழ ஃபோம் பெட்டு வாங்க எங்க போறது. பழைய பஞ்சு மெத்தை ஆறேழு அடுக்கி, மீன் வலையச் சுத்திக் கட்டி வெச்சிருக்கார். மேல தேங்கா நார் மூட்டை. ஒம்பதாவது படிக்கற ஒரு புள்ளை, எடது கை முழங்கைக்குக் கீழ இல்ல, லாங் ஜம்ப்பு. கையில்லைன்னா தாண்டறதுக்கு என்னன்னு நான் நினைச்சிருந்தேன், வாத்தியார் ஓடவிட்டுக் காட்டினார், பறக்கறப்ப ஒரு பக்கம் வீச்சு குறைஞ்சு உடம்பு திரும்பிப் போகுது, மண்ணுல விழறப்ப சாஞ்சு விழறா. அத நேராக்கத்தான் இப்ப தினமும் பாடம்.

அடையாள அட்டைல எத்தனை சதவீதம்னு இருக்கறது ஒரு கணக்கு, பாரா போட்டில எந்தப் பிரிவுன்னு முடிவு பண்றது வேற கணக்கு, அதுக்குத் தனியா ஆளுங்க பாத்து வகைப்படுத்தணும். நிறைய அப்பா அம்மா இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு, நாப்பது சதவீதம் எழுதிட்டாங்க, போதும்ல சார்னு நிக்கறாங்க. வாத்தியார் பாதி நேரம் கோச்சு, மீதி நேரம் தாலுக்கா ஆபீசு புரோக்கர் மாதிரி பாரம் ரொப்பிட்டு இருக்கார், காசு வாங்காத புரோக்கர்.

நான் கெளம்பறப்ப அந்தப் புள்ளையோட அப்பா வந்தார், லுங்கில பஞ்சுத் தூசி, தறிக்கொட்டாய்லேர்ந்து நேரா வந்திருக்கார். ஞாயித்துக்கிழமை சேலத்துல செலக்‌ஷன், அனுப்பறீங்களான்னு வாத்தியார் கேட்டார்.

"எத்தனை மணிக்குங் சார் திரும்புவீங்க?"

"ஆறு மணி பஸ்ஸப் புடிச்சுருவோம்."

"அது விட்டுட்டா?"

"அடுத்தது ஏழே முக்கால்."

அவர் கொஞ்ச நேரம் யோசிச்சார். "ஏழே முக்கால்னா வேண்டாங் சார். அவங்க அம்மாவையும் கூட்டிட்டுப் போறதுன்னாச் சரிங்."

"கூட்டிட்டு வரச் சொல்லுங்க. டவுன் பஸ்தான், ரெண்டு பேருக்கும் டிக்கெட் இல்ல. நீங்களும் வாங்களேன்."

"எனக்குத் தறி இருக்குதுங்"ன்னுட்டுப் புள்ளையப் பாத்து, "ஷூவ இன்னைக்கே தொவைச்சுப் போடு, ஞாயித்துக்கிழமை காயாது"ன்னார்.

நாளைக்குக் காலைல எனக்கு ட்ரெயின். ஞாயிறு ராத்திரி வாத்தியாருக்கு போன் போட்டு எவ்வளவு தாண்டுனான்னு கேட்டு இங்கயே போடறேன்.